பத்து ஐம்பத்து மூன்றுக்கு நடந்தது

ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

இது நானாக விரும்பி எழுதும் கடிதம் இல்லை. வழிகாட்டி ஆசிரியர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயிற்றுநருக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும் என்று உங்கள் பயிற்சிக் கையேட்டின் நான்காம் பக்கம் சொல்கிறது. அந்தப் பயிற்றுநர் என் தங்கையின் கணவராக வாய்த்தது என் நேரம். ஒன்பது வருடமாக நாம் நேரில் பேசிக்கொள்வதில்லை. "அவர்கிட்ட சொல்லிடு", "அண்ணன்கிட்ட கேளு" என்று அவள்தான் நடுவில் நின்று தபால் பட்டுவாடா செய்துகொண்டிருக்கிறாள். இனி அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு.

முதல் இரண்டு சனிக்கிழமைகள் பற்றிக் கருத்து எழுதச் சொன்னீர்கள். இருபத்தாறு வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவனை வட்டமாகப் போட்ட நாற்காலியில் உட்காரவைத்து கலர் பேனா கொடுத்தீர்கள். என் பக்கத்தில் இருந்த அறிவியல் ஆசிரியர் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது. அவரிடம் உங்கள் உதவியாளர் பெண், "உங்க மனசுல இருக்கிற நல்ல ஆசிரியரை வரைங்க சார்" என்றார். அவர் ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும் வரைந்தார். "மீதி எங்க சார்?" என்று கேட்டதற்கு, "மீதி ரிட்டயர் ஆயிடுச்சும்மா" என்றார். அந்த இரண்டு நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

உங்கள் விதிகளைக் குறித்துக்கொண்டேன். புது ஆசிரியரின் வகுப்பில் வழிகாட்டி கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். கண்டதையும் கேட்டதையும் நேரம் போட்டு எழுத வேண்டும், அபிப்பிராயம் கூடாது. சாக்பீஸைத் தொடவே கூடாது. வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் புது ஆசிரியரிடமே கொடுத்துவிட வேண்டும். அது அவருடைய சொத்து. தலைமையாசிரியர் உட்பட வேறு யார் கண்ணிலும் படாது. இதை நீங்கள் மேடையில் நின்று மூன்று முறை சொன்னீர்கள். நானும் மூன்று முறை எழுதிவைத்திருக்கிறேன்.

எனக்கு ஒதுக்கியிருப்பது ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சரை. வேலைக்கு வந்து இருபத்திரண்டு மாதம். செப்டம்பரில் அவருடைய தகுதிகாண் பருவம் முடிகிறது. குழு ஒன்று கூடி, நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும். தலைமையாசிரியருக்கு அவரைப் பிடிக்கவில்லை. "அந்தம்மா கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கு சார்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. என் வகுப்பு சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

மச்சான்


ஜூலை 13

மச்சானுக்கு,

உங்கள் கையெழுத்தை ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறேன். கொஞ்சமும் மாறவில்லை. ஸ்கேல் வைத்து எழுதியது போலவே இருக்கிறது. கடிதத்தை உங்கள் தங்கையிடம் காட்டினேன். "திட்டியிருக்காரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கலர் பேனா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை எடுத்துவிடுகிறேன். கண்ணாடி வரைந்த சாரைப் பற்றிய பகுதியைப் பெயர் சொல்லாமல் அடுத்த கூட்டத்தில் படிக்க அனுமதி வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டீச்சரின் வகுப்பைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் இதுவரை கேட்டிருக்கிறீர்கள். உள்ளே போய் உட்காரும்போது, தலைமையாசிரியர் சொன்னதை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். கடினமான வேலைதான். எனக்கே வராது. என்னையும் முதலில் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், நீங்கள்தான். அன்று பாடம் முடிந்ததும் "குரலை உயர்த்தாதே, ஆளை உயர்த்து" என்றீர்கள். அப்போதெல்லாம் என்னை நீ என்றுதான் கூப்பிடுவீர்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 27

மாப்பிள்ளைக்கு,

பழைய கதையைக் கிளறி என்னைக் குளிப்பாட்ட வேண்டாம். உங்களை என் பள்ளியில் பார்த்ததும், வீட்டுக்கு அழைத்துவந்ததும், தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். பலன் என்ன என்று இருவருக்கும் தெரியும்.

வேலைக்கு வருகிறேன். மூன்று வகுப்புகள் பார்த்துவிட்டேன். கடைசி பெஞ்சில் ஐம்பத்தொரு வயதுக்காரன் முழங்காலை மடக்கி உட்காருவது எப்படி என்று உங்கள் கையேட்டில் இல்லை. பக்கத்தில் உட்காரும் மாணவி என் இடுப்புவலியைப் பார்த்துத் தன் பையை முதுகுக்கு அண்டக் கொடுத்தாள். டீச்சர் கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பேசவிட்டுவிட்டு ஜன்னல் ஓரம் கைகட்டி நின்றுவிடுகிறார். யாராவது ஒருவன் உளறினால் "வேற யாரு என்ன நினைக்கிறீங்க?" என்கிறார். உளறலுக்கு எதற்குக் கருத்துக்கணிப்பு?

நேற்றைய தாளின் நகலை இணைத்திருக்கிறேன். ஒரு அபிப்பிராயம்கூட இல்லை. உங்கள் பயிற்சியில் இப்படி யாராவது எழுதினார்களா என்று சொல்லுங்கள்.

10.41 – ஆசிரியை உள்ளே வந்தார். வருகைப் பதிவு.
10.46 – பலகையில் கணக்கு: மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழி.
10.47 – மாணவர்கள் இருவர் இருவராகப் பேசுகிறார்கள்.
10.52 – பலகையில் ஆசிரியை எழுதிய விடை: மைனஸ் எட்டு. தவறு.
10.53 முதல் 10.57 – ஆசிரியை பேசவில்லை. மாணவர்கள் சிரிப்பு. கூச்சல்.
10.58 – பலகையில் சரியான விடை: இரண்டு.
11.20 – மணி.

டீச்சரிடம் அசல் தாளைக் கொடுத்தேன். உங்கள் கையேட்டில் சொல்லியபடி, "நீங்க என்ன கவனிச்சீங்க?" என்று கேட்டேன். தாளை இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். உரையாடல் அவ்வளவுதான். பேசத் தெரியாதவரைப் பேசவைக்க என்னால் முடியாது.

மச்சான்


ஆகஸ்ட் 2

மச்சானுக்கு,

இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி: தாள் டீச்சருடையது, ஒரே ஒரு பிரதிதான் என்று விதி. உங்களிடம் எப்படி நகல்? கார்பன் வைத்து எழுதுகிறீர்களா? உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும். ஒருமுறை அலுவலகத்தில் உங்கள் மனு தொலைந்ததிலிருந்து எதற்கும் நகல் வைப்பீர்கள். ஆனால் இந்த ஒரு இடத்தில் அது கூடாது. தயவுசெய்து எல்லா நகல்களையும் டீச்சரிடமே கொடுத்துவிடுங்கள். எனக்கு அனுப்பியதையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இரண்டாவது கேள்வி: உங்கள் தாளை நான்கு முறை படித்தேன். நிமிடம் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். 10.52க்கு விடையை எழுதியது ஆசிரியை என்று இருக்கிறது. 10.58க்குச் சரியான விடையை எழுதியது யார் என்று இல்லை. நடுவில் நான்கு நிமிடம் டீச்சர் பேசவில்லை. ஒரு வகுப்பில் நான்கு நிமிடம் ஆசிரியர் பேசாவிட்டால் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

யார் பேசியது, மச்சான்?

நான் கேட்பது குற்றம் பிடிக்க இல்லை. டீச்சர் அந்தத் தாளைப் படித்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 9

மாப்பிள்ளைக்கு,

துப்பறியும் வேலையும் உங்கள் துறையில் சேர்ந்துவிட்டது என்று தெரியாது. வாழ்த்துகள்.

சரி, எழுந்து போனேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இருபத்தெட்டு பிள்ளைகள் முன்னால் பலகையில் மைனஸ் எட்டு என்று நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் பொம்மை மாதிரி உட்கார நான் என்ன விருந்தாளியா? சாக்பீஸை வாங்கினேன். அழித்தேன். எண்கோடு போட்டு நான்கே நிமிடத்தில் விளக்கினேன். பிள்ளைகளுக்குப் புரிந்தது. எவனோ "டீச்சரே தப்பா போட்டுட்டாங்களா சார்?" என்று கேட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. டீச்சர் ஜன்னல் ஓரம் நின்றார். தாளில் அதை ஏன் எழுதவில்லை என்றால், தாள் டீச்சரைப் பற்றியது, என்னைப் பற்றியது இல்லை.

நகல் என் உரிமை. நகல் இல்லாமல் நான் இழந்தது உங்களுக்கே தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன், இதே பயிற்றுநர் வேலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். என் பாடக் குறிப்பு நோட்டுகள் மூன்றை, "படிச்சுட்டுத் தரேன் மச்சான்" என்று பதினாறாம் தேதி சாயங்காலம் வாங்கிக்கொண்டு போனீர்கள். இருபதாம் தேதி நேர்காணல். இருபத்தேழாம் தேதி உத்தரவு உங்கள் பெயருக்கு வந்தது. நோட்டு இன்றுவரை வரவில்லை. இதில் ஒரு தேதியாவது தவறு என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

மச்சான்


ஆகஸ்ட் 31

மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

தலைமையாசிரியர் என் நகல் கோப்பை எடுத்துக்கொண்டுவிட்டார். அதிலிருந்து அந்த ஒரு தாளைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். டீச்சருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. 'பாட அறிவில் பிழை, வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன் இல்லை, மூத்த ஆசிரியரின் நேரடிப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது.' மூத்த ஆசிரியர் நான்தான். செப்டம்பர் பதினேழாம் தேதி விசாரணை. அன்றைக்கு முடிவு சரியில்லாமல் போனால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள். தலைமையாசிரியர் உட்பட யார் கண்ணிலும் படாது என்று. நான் அவர் அறைக்குள் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "உங்க மாப்பிள்ளையே எங்க மீட்டிங்ல சொன்னாரு சார், வழிகாட்டி எழுதுறது கன்ஃபர்மேஷனுக்கும் உதவும்னு" என்றார். இது உண்மையா? உண்மையானால் என்னை மேடையிலிருந்து ஏமாற்றியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஏழாம் வகுப்பில் எனக்குப் பை கொடுத்த அந்தப் பெண் இன்று இடைவேளையில் வந்தாள். "சார், டீச்சர் போயிடுவாங்களா?" என்றாள். யார் சொன்னது என்றேன். "அந்த மைனஸ் எட்டு என்னோடது சார். நான் சொன்னதைத்தான் டீச்சர் போர்டுல எழுதினாங்க. யார் யார் ஒத்துக்கிறீங்க, ஏன்னு கேப்பாங்க. எப்பவும் அப்படித்தான். நீங்க அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றாள்.

டீச்சர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு மாதமாக எனக்குக் கூச்சலாகக் கேட்டது அதுதான். இருபத்தாறு வருடத்தில் ஒரு தவறான விடையை ஒரு நிமிடம்கூட பலகையில் இருக்கவிட்டதில்லை நான். விட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததும் இல்லை.

மச்சான்


செப்டம்பர் 4

மச்சானுக்கு,

உண்மைதான்.

தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். "எங்க சீனியர் ஆளை நீங்க எடுத்துக்கிட்டா எங்களுக்கு என்ன லாபம்?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் கையை விட்டுப் போகும் போல இருந்தது. "கன்ஃபர்மேஷன் நேரத்துல உங்களுக்கும் உதவியா இருக்கும்" என்றேன். உடனே தலையாட்டினார்கள். வழிகாட்டிகளிடம் ஒன்று, தலைமையாசிரியர்களிடம் ஒன்று. தாள் தனிப்பட்டது என்பதை உத்தரவாகவும் வாங்கவில்லை, வாய்ப்பேச்சாகவே விட்டுவிட்டேன். அதைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். அந்தத் தாளை ஏற்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். 'பதிவு ஏற்கெனவே வந்துவிட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இனி உங்கள் பங்கு. கோபப்படுங்கள், ஆனால் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தலைமையாசிரியர் கோப்பை எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்தாரா, கொடுத்தீர்களா?

நோட்டு விஷயத்தில் உங்கள் தேதிகள் எல்லாம் சரி. நோட்டைத் திருப்பித் தராதது என் தப்பு. முதலில் வெட்கம், பிறகு பயம், பிறகு பழகிவிட்டது. ஆனால் இருபதாம் தேதி அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உள்ளே போனீர்கள். எல்லோரும் அரைமணி நேரம் இருந்தார்கள். நீங்கள் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக நீங்கள் சொல்லிவரும் கதையில் நான் இருக்கிறேன், நோட்டு இருக்கிறது, தேதி இருக்கிறது. நீங்கள் இருந்த ஐந்து நிமிடம் மட்டும் இல்லை.

பதினேழாம் தேதி குழு முன்னால் பேச டீச்சருக்கு உங்களைத் தவிர சாட்சி இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட மாட்டார்கள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 19

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டி வைத்தேன். இதற்கு நகல் இல்லை பார்.

கொடுத்தேன். தலைமையாசிரியர் ஒருநாள், "எப்படி சார் போகுது உங்க புது உத்தியோகம்?" என்றார். பீரோவைத் திறந்து நகல் கோப்பைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்கூல்ல இவ்வளவு சுத்தமா யாரும் எழுதினதில்ல சார். ஒரு நாள் வெச்சுப் பாக்கட்டுமா?" என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நானே ஒரு உறை போட்டுக் கொடுத்தேன்.

பதினேழாம் தேதி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி அம்மாவுக்கு என் மகளைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். விடுபட்ட வரியை எழுதி எடுத்துப்போயிருந்தேன். நின்றுகொண்டு படித்தேன். '10.53: வழிகாட்டி எழுந்து போய் ஆசிரியையிடமிருந்து சாக்பீஸை வாங்கினார். 10.57 வரை வழிகாட்டி பேசினார். விடை மாணவியுடையது. ஆசிரியை அதை விவாதத்துக்காக எழுதியிருந்தார்.'

யாரும் நம்பவில்லை. தலைமையாசிரியர், "சார் ரொம்பப் பெரிய மனசுக்காரர். சின்னவங்க பொழப்பு போயிடக்கூடாதுன்னு பாக்குறார்" என்றார். அதிகாரி அம்மா கார்பன் நகலைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு துல்லியமா எழுதுற நீங்க, இப்படி ஒன்ன விட்டிருப்பீங்களா சார்?" என்றார். என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் பொய் சொன்ன இடத்தில் என்னை நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் இரக்கம் என்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டினேன். உட்காரச் சொன்னார்கள்.

பிறகு அசல் தாளைக் கேளுங்கள் என்றேன். என்னிடம் இருப்பது நகல்தான், அசல் டீச்சருடையது என்று உன் விதியைச் சொன்னேன். டீச்சர் தயங்கினார். "அது எனக்காக எழுதி வெச்சது மேடம்" என்றார். அதிகாரி அம்மா கை நீட்டினார். டீச்சர் அதைப் பாட நோட்டில் ஒட்டிவைத்திருந்தார். 10.53க்குப் பக்கத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: 'சார் வந்து சாக்பீஸ் கேட்டார்.' அதன் கீழே: 'நான் ஏன் கொடுத்தேன்?' அதற்கும் கீழே, பேனாவில், அடுத்த நாள் அதே கணக்கை மறுபடி எடுத்த பாடக் குறிப்பு. யார் யார் மைனஸ் எட்டு, யார் யார் இரண்டு, ஏன் என்று இருபத்தெட்டு பேர் சொன்னதும் இருந்தது. தலைமையாசிரியர் வாராவாரம் கண்ணை மூடிக்கொண்டு போடும் தேதியும் கையெழுத்தும் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தன. அதிகாரி அம்மா அதை அவர் பக்கம் திருப்பிவைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இந்தத் தாளை இரண்டு மாதமாகக் கையில் வைத்துக்கொண்டு ஏன் காட்டவில்லை என்று வராந்தாவில் டீச்சரிடம் கேட்டேன். "இது யார் கண்ணிலயும் படாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. எதற்கு இருக்கும்?

நேற்று உத்தரவு வந்தது. டீச்சர் நிரந்தரம். வேறு வழிகாட்டி கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி வரைந்த அறிவியல் சார்தான். 'விதிகளை மீறியமையால்' என் பெயர் வழிகாட்டிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியருக்கு ஒன்றும் இல்லை. அவர் காலையில் எனக்கு வணக்கம் சொன்னார். எரிச்சலாக இருக்கிறது. உன் பயிற்சியில் இன்னும் மூன்று சனிக்கிழமை பாக்கி. வரக்கூடாது என்று உத்தரவில் இல்லை. வருவேன். கடைசி வரிசையில் உட்காருவேன். கலர் பேனா நீட்டினால் எழுந்து போய்விடுவேன்.

இனி நீ கேட்ட அந்த ஐந்து நிமிடம். அன்று நேர்காணல் நடத்தியவர்களில் ஒரு சின்னப் பெண் கேட்டாள், "நீங்க எடுத்ததுல தோத்துப்போன பாடம் ஒண்ணைப் பத்திச் சொல்லுங்க சார்" என்று. அப்படி ஒன்று கிடையாது என்றேன். "யோசிச்சுப் பாருங்க" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். உன் பெயருக்கு உத்தரவு வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த வாரமே தெரியும்.

இன்று கேட்டால் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. நிமிடக் கணக்கோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வருவதாகத் தங்கை சொன்னாள். வா. பேச்சை நான் ஆரம்பிக்க மாட்டேன், அதை எதிர்பார்க்காதே. மூன்று நோட்டையும் கையோடு கொண்டு வா. இரண்டாவது நோட்டில் கழித்தல் பாடம் இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும்.

மச்சான்